பிரெட் மேக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு, பத்தாயிரம் ரூபாய் இழந்தவள் எழுதுவது

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. மேல்வரிசை முழுவதும் கட்டிய பல். சப்பாத்தியை மெல்ல முடியாது, இரவில் சோறு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நான்கு துண்டு பிரெட்டும் ஒரு டம்ளர் பாலும்தான் பல ஆண்டுகளாக அவருடைய இரவு உணவு. திருச்சியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் பிரெட் என்பது காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரெட்டும் நான்கு சாத்துக்குடியும் வாங்கிப் போவோம். அதில் உப்பு இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. 2023 தொடக்கத்தில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடியபோது ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்தினோம். அப்படியும் அளவு இறங்கவில்லை. இரவு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். பிரெட் என்றதும், "உப்பு அங்கேயும் இருக்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெரும்பாலான செய்முறைகளில் 400 கிராம் மாவுக்கு 7 அல்லது 8 கிராம் உப்பு போடுகிறார்கள். அந்த மாவில் பன்னிரண்டு, பதின்மூன்று துண்டு வரும். நான்கு துண்டு சாப்பிட்டாலே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைக் குறைத்து வீட்டிலேயே செய்தால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஏழாகும். மாவைப் பிசைந்து, பொங்கவைத்து, மறுபடி பிசைந்து வேகவைக்க எனக்கு நேரம் இல்லை. வீட்டில் ஓவனும் இல்லை. எல்லாவற்றையும் போட்டு மூடிப் பொத்தானை அழுத்தினால் மூன்று மணி நேரத்தில் பிரெட் தருகிற மெஷின்தான் வழி என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானது. அதைத் தொடர்ந்து எடுத்த முடிவுகளில் பாதி தவறு. பதினொரு மாதத்தில் ஏறக்குறைய 10,000 ரூபாய் வீணாயிற்று. விசாரிக்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் யார் வீட்டிலும் அந்த மெஷின் இல்லை.

கடைப் பிரெட்டில் ரசாயனம் இருக்கிறது என்ற பயத்தில் மெஷின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016-இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லியில் 38 பிரெட், பன் மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாகச் சொன்னது. நாடு முழுவதும் அது பெரிய செய்தியானது. அதே ஆண்டு ஜூன் மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொட்டாசியம் புரோமேட்டைத் தடை செய்துவிட்டது. அந்தப் பழைய பயம் ஒன்றுக்காக மட்டும் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உப்பு, சர்க்கரை, ஒவ்வாமை என்று வீட்டில் ஒருவருக்கு உண்மையான தேவை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மூன்றாம் மாதம் அது பரணுக்குப் போய்விடும்.

முதல் மெஷின் எனக்கு இலவசமாக வந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகள் மார்ச் மாதம் ஊருக்கு வந்தபோது, தான் பயன்படுத்தாமல் வைத்திருந்ததைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே பிளக்கில் சொருகிவிடாதே, டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்" என்று அவள் சொல்லியே கொடுத்தாள். பெரிய கடை வீதியில் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனேன். மோட்டாரா, ஹீட்டரா என்று கடைக்காரர் கேட்டார். மாவு பிசைகிற மெஷின் என்ற நினைப்பில் மோட்டார் என்று சொல்லிவிட்டேன். 500 விஏ, அதாவது ஏறக்குறைய 500 வாட் வரை தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார். மெஷினின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த தகட்டில் 700 வாட் என்று தெளிவாக அச்சிட்டிருந்ததை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

இதில் ஏமாற வைக்கிற விஷயம் என்னவென்றால், முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிசைவதற்கு நூறு வாட் அளவில்தான் மின்சாரம் தேவை. மாவு உருண்டது, பொங்கியது, அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூடியின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வேகவைக்கும் கட்டம் தொடங்கி ஹீட்டர் முழு வேகத்தில் எரிய ஆரம்பித்த பிறகுதான் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறியது. இரவு பத்தரை மணிக்கு வார்னிஷ் தீய்ந்த நாற்றம் வீடு முழுவதும் பரவியது. நான் ஓடிப் போய் மெயினை அணைப்பதற்குள் மெஷினின் திரையும் இருண்டுவிட்டது. மறுநாள், எங்கள் தெருமுனையில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் தம்பியிடம் இரண்டையும் கொண்டுபோனேன். டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் எரிந்தபோது 230 வோல்ட் அப்படியே மெஷினுக்குள் போயிருக்கிறது என்றார். வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் ஹீட்டர் இழுக்கும் சக்தி நான்கு மடங்கை நெருங்கும். போர்டு கருகியிருந்தது. பார்த்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அத்தை மகளிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஆகவே வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் எந்த நாடு என்று முதலில் கேளுங்கள். சிங்கப்பூர், துபாய், இங்கிலாந்து என்றால் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் தடித்த மூன்று முனையாக இருக்கும், அதை மாற்றிக்கொண்டால் போதும். அமெரிக்கா, ஜப்பான் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் பிரெட் மேக்கர் பற்றிப் படித்தால் சோஜிருஷி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நீளவாட்டுப் பாத்திரமும் மாவு பிசையும் துடுப்பு இரண்டும் கொண்ட மெஷினைக் கொண்டாடியிருப்பார்கள். நல்ல மெஷின்தான், ஆனால் அந்தப் பாராட்டெல்லாம் 120 வோல்ட் மெஷினுக்கு எழுதியது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டே தீருவேன் என்றால் தகட்டில் உள்ள வாட்டைப் போல இரு மடங்கு அளவுள்ளது வேண்டும். அது ஒரு சின்னச் செங்கல் கட்டு அளவுக்கு எடை இருக்கும், விலையில் மெஷினையே நெருங்கிவிடும்.

மே மாதம் இரண்டாவதை வாங்கினேன். இணையத்தில் விலை குறைந்தது எது என்று வரிசைப்படுத்திப் பார்த்து, நான் கேள்விப்பட்டிராத பெயர் கொண்ட ஒன்றை 5,490 ரூபாய்க்கு எடுத்தேன். என்னை மயக்கியது 19 வகை நிரல்கள் என்ற விளம்பரம். ஜாம், கேக், தயிர், பிட்சா மாவு என்று பட்டியல் நீண்டது. இன்று சொல்கிறேன், அந்த எண்ணிக்கையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். திருச்சி வெயிலில் தயிர் உறைய மெஷின் எதற்கு? உறை ஊற்றி மேடையில் வைத்தால் நான்கு மணி நேரத்தில் கத்தியால் வெட்டலாம். வேண்டியவை மூன்றே மூன்று. சாதாரண பிரெட், மாவு பிசைந்து பொங்கவைப்பது மட்டும், வேகவைப்பது மட்டும். இந்த மூன்றாவது எல்லா மெஷினிலும் இருப்பதில்லை. ஆனால் நம் ஊரில் மெஷினைக் காப்பாற்றுவது அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் பிரெட்டுக்கு உப்பை 7 கிராமிலிருந்து 2 கிராமாகக் குறைத்தேன். மற்றதெல்லாம் கையேட்டில் இருந்தபடி. இரண்டு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மூடியின் கண்ணாடியைத் தொட்டது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. வேக ஆரம்பித்ததும் பெருமூச்சு விட்டது போல அப்படியே இறங்கிவிட்டது. வெளியே எடுத்தபோது நடுவில் கிண்ணம் போலக் குழி, உள்ளே பெரிய பெரிய ஓட்டை, ஈஸ்ட் நெடி. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் தண்ணீரைக் கூட்டினேன், இன்னும் மோசம். மூன்று வாரத்தில் எட்டு பிரெட்டைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்தேன். மாவும் வெண்ணெயும் ஈஸ்டுமாக 700 ரூபாய்க்குக் குறையாது. பணத்தைவிட, அம்மா ஒவ்வொரு நாளும் "பரவாயில்லை, ருசியாகத்தான் இருக்கிறது" என்று அந்தக் குழியைச் சுற்றிப் பிய்த்துச் சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரணம் புரிய வெகுநாள் ஆயிற்று. உப்பு ருசிக்கு மட்டும் போடுவதில்லை. ஈஸ்ட் தறிகெட்டு ஓடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான், மாவுக்கு இறுக்கம் தருவதும் அதுதான். உப்பைக் குறைத்தால் ஈஸ்டையும் குறைக்க வேண்டும். இதோடு கத்திரி வெயில் சேர்ந்துகொண்டது. இந்தச் செய்முறைகள் எல்லாம் 20, 25 டிகிரி இருக்கும் சமையலறைக்கு எழுதியவை. மே மாதம் என் சமையலறை பிற்பகலில் 36 டிகிரி. மலிவான மெஷின்கள் வெளியே எவ்வளவு சூடு என்று பார்ப்பதில்லை. கடிகாரத்தில் எழுதி வைத்தபடி பொங்கவிட்டுக்கொண்டே இருக்கும். விலை கூடிய சில மெஷின்கள், உதாரணத்துக்கு பானாசோனிக்கின் சில மாடல்கள், போட்ட பொருட்களின் சூடு ஒரு நிலைக்கு வரும்வரை முதலில் சும்மா இருந்துவிட்டுத்தான் பிசையவே தொடங்கும். நம்முடைய வசதிக்கு அது எட்டாது என்றால் வேலையை நாம் செய்ய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். ஈஸ்டைப் பாதியாக்குங்கள். முடிந்தால் விடியற்காலையில் போடுங்கள். பொங்கியது போதும் என்று கண்ணுக்குத் தெரிந்தால் நிரலை நிறுத்திவிட்டு, வேகவைப்பது மட்டும் என்பதை அழுத்துங்கள். பாத்திரத்தில் முக்கால் பங்கு ஏறியதும் வேகவைத்தால் மீதி சூட்டில் ஏறிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்போது நிலைத்துவிட்ட அளவைச் சொல்கிறேன். மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், குளிர்ந்த தண்ணீர் 265 மில்லி, எண்ணெய் 20 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 3 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். தண்ணீரும் எண்ணெயும் அடியில், மேலே மாவு, ஓர் ஓரத்தில் உப்பு, உச்சியில் குழி செய்து ஈஸ்ட். பிசைய ஆரம்பித்துப் பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், திறந்தால் ஒன்றும் ஆகாது. சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, எண்ணெய் தடவிய பரோட்டா மாவு போல ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும். சுவரில் ஒட்டினால் ஒரு கரண்டி மாவு, துண்டு துண்டாக நின்றால் ஒரு கரண்டி தண்ணீர். முழுக்கக் கோதுமை மாவில் செய்ய ஆசைப்பட்டு நானும் பார்த்தேன். நம் சக்கி மாவு மிக நைசாக அரைபடுவதால் தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் பிரெட்டுக்கு வேண்டிய அளவு இழுபடாது. செங்கல்தான் கிடைத்தது. பெல்ட் தேயும் ரப்பர் நாற்றமும் வந்தது. 400 ரூபாய்க்கு ஒரு மின்னணுத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பையால் அளந்தால் ஒரு நாளைப் போல் மறுநாள் வராது.

இதற்கிடையில் மின்தடை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு என்று செய்தித்தாளில் வந்திருந்ததைக் கவனிக்காமல் காலை எட்டுக்கு மெஷினைப் போட்டேன். ஒன்பதே காலுக்கு மின்சாரம் போயிற்று. பராமரிப்புக்கு நிறுத்தினால் மாலை வரை வராது, அது என் தவறு. ஆனால் அடுத்த வாரம் இரண்டே நிமிடம் போய் வந்தபோதும் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொடக்கத்தில் வந்து நின்றது. பத்து நிமிட நினைவு உண்டு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் சின்ன இன்வெர்ட்டரில் நான்கு விசிறியும் விளக்கும் ஓடும்போது 600 வாட் ஹீட்டரையும் ஏற்றினால் அது அலறிக்கொண்டு நின்றுவிடும். மின்சாரம் திரும்பி வந்ததும், பொங்கிய மாவைக் கலைக்காமல் நேராக வேகவைக்கும் நிரலுக்குப் போக முடிந்தால் பிரெட் பிழைக்கும். இல்லாவிட்டால் மெஷின் மறுபடி முதலிலிருந்து பிசைந்து எல்லாவற்றையும் சிதைத்துவிடும்.

ஒருவழியாக ஆகஸ்டிலிருந்து நல்ல பிரெட் வர ஆரம்பித்தது. அம்மாவின் இரத்த அழுத்தமும் மெல்ல இறங்கியது. மருத்துவர் மாத்திரையையும் மாற்றியிருந்தார், எல்லாப் பெருமையையும் பிரெட்டுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வீட்டில் ஒரு நிம்மதி வந்தது. அக்டோபரில் ஒரு நாள் மெஷினுக்கு அடியில் ஈரம். பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருக்கும் அச்சிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிகிறது. பிரெட்டின் அடிப்பாகத்திலும் கறுப்புக் கறை. அதை அம்மாவுக்குக் கொடுக்க முடியுமா? மறுபடி தெருமுனைத் தம்பியிடம் போனேன். மெஷினைத் திறந்து கையால் சுழற்றிப் பார்த்தார். "மோட்டாருக்கு ஒன்றும் இல்லை அக்கா, பெல்ட்டும் நன்றாக இருக்கிறது. போனது பாத்திரம்தான். மிக்சி ஜாரின் அடியில் புஷ் தேய்ந்து ஒழுகுமே, அதேதான். மிக்சி ஜார் என்றால் புஷ் என் கையிலேயே இருக்கும், ஐம்பது ரூபாயில் முடித்துவிடுவேன். இந்த அளவு புஷ்ஷுக்கு நான் எங்கே போவது?" என்றார். இரவில் பாத்திரத்தை எப்படிக் கழுவுகிறீர்கள் என்றும் கேட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி முழுக்க மூழ்க வைத்து ஊறப்போடுவேன் என்றேன். தலையை ஆட்டினார்.

ஆம், அதில் என் பங்கும் உண்டு. பிரெட் மேக்கர் பாத்திரத்தை ஒருபோதும் தண்ணீரில் மூழ்கவிடக் கூடாது. உள்ளே மட்டும் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால் துடுப்பு தானாகக் கழன்று வரும். அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிய பிறகு துடுப்பை மாட்டினால் ஒட்டாது. கத்தி, கரண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது. இவ்வளவும் கையேட்டில் ஒரு வரி இல்லை.

பிறகு பாத்திரத்துக்கு அலைந்த கதை. ஓராண்டு உத்தரவாதம் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், உத்தரவாதம் மோட்டாருக்கும் போர்டுக்கும் மட்டும், பாத்திரமும் துடுப்பும் சேராது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை நான்கு நாள் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. மின்னஞ்சலுக்கு ஒரே மாதிரியான பதில் மூன்று முறை வந்தது. எங்கெங்கோ தேடி, படத்தில் ஒன்று போலிருந்த பாத்திரம் ஒன்றை 950 ரூபாய்க்கு வரவழைத்தேன். அடியில் பூட்டிக்கொள்ளும் காது இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், உட்காரவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். தம்பியிடம் கொடுத்து அராவிப் பார்த்ததில் இன்னும் 250 ரூபாய். ஓடக்கூடிய மோட்டாரும் எரியக்கூடிய ஹீட்டருமாக நல்ல நிலையில் இருந்த மெஷின், ஒரு புஷ் இல்லாமல் ஐந்தே மாதத்தில் குப்பையாயிற்று. அன்றுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

அந்த நாட்களில் இந்த மெஷின் எப்படிப் பிறந்தது என்று படித்தேன். 1980-களில் ஜப்பானில் மட்சுஷிதா நிறுவனம், அதாவது இன்றைய பானாசோனிக், இதைச் செய்ய முயன்றபோது பிரெட்டின் மேல்தோல் தீய்ந்து உள்ளே வேகாமல் போனதாம். இகுகோ தனகா என்ற மென்பொருள் பொறியாளர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பிரெட் கலைஞரிடம் போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். மாவை இழுக்கும்போதே அவர் முறுக்குகிறார் என்பதைக் கண்டுபிடித்தது தனகாதான். அந்த முறுக்கைக் கொண்டுவர, மெஷினின் உள்ளே தனியாக மேடான வரம்புகளை அமைத்தார்கள். 1987-இல் மெஷின் விற்பனைக்கு வந்தது. இதைப் படித்ததும் என் வீட்டுப் பாத்திரத்தை எடுத்து உட்சுவரைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் மேடாக ஒரு வரம்பு இருந்தது. மாவை முறுக்குவது, சூட்டைப் பரப்புவது, பிரெட்டுக்கு உருவம் தருவது எல்லாம் அந்தப் பாத்திரம்தான். அதைச் சுற்றி இருப்பது ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், ஒரு கடிகாரம். நான் இத்தனை நாளும் பெட்டியைப் பார்த்து வாங்கியிருக்கிறேன், பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது மெஷினை வாங்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். கடைகளுக்கு நேரில் போனேன். முதல் கேள்வியாக, "இதன் பாத்திரமும் துடுப்பும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, திருச்சியில் யாரிடம்?" என்று கேட்டேன். இரண்டு கடைகளில் விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் கெட்டுப்போகாது அம்மா" என்றார்கள். அங்கிருந்து வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் இருந்தவர் சேவை மையத்துக்கே தொலைபேசி போட்டு, பாத்திரம் 2,100 ரூபாய், துடுப்பு 640 ரூபாய், சொன்னால் பத்து நாளில் வரும் என்று கேட்டுச் சொன்னார். அந்த இடத்தில் என் மனம் தெளிந்துவிட்டது. நிரல்கள் 12-தான். தோற்றமும் பழையது. விலை 8,900 ரூபாய், முந்தையதைவிட 3,410 ரூபாய் அதிகம். ஆனால் முந்தையது மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விழுங்கிவிட்டுப் போனதை நினைத்தால் இது மலிவு.

வாங்குவதற்கு முன் கடையிலேயே இன்னும் சிலவற்றைச் செய்தேன். நீங்களும் தயங்காமல் செய்யுங்கள். பிளக்கில் சொருகிப் பிசையும் நிரலை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து ஓடியது. கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம்தான், இருந்தாலும் பில் போடும் முன் பார்ப்பது நம் உரிமை. மெஷினைத் தூக்கி எடை பார்த்தேன். பழைய மெஷின் மிக லேசானது. கெட்டி மாவைப் பிசையும்போது மேடையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிடும், நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். புதியது ஆறு கிலோவுக்கு மேல், அசையவில்லை. பாத்திரத்தைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். தகரம் போல ஒலிக்காமல் கனமாக இருக்க வேண்டும். அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. அளவைப் பொறுத்தவரை ஒரு கிலோ மெஷின் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நாங்கள் இருவர்தான். பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் மாவு போட்டால் அது ஒரு மூலையில் ஒதுங்கிக் கோணலாக வேகும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு.

கையில் பிரெட் வந்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. சத்தம் கேட்டதும் வெளியே எடுத்துவிட வேண்டும். சூடாக வைத்திருக்கிறேன் என்று மெஷின் ஒரு மணி நேரம் பிடித்து வைத்தால் அடிப்பாகம் வியர்த்து நனைந்துவிடும். கம்பித்தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும். அம்மாவின் பல்லுக்கு மேல்தோல் முதலில் கடினமாக இருந்தது. இப்போது இளநிறம் என்ற அமைப்பில் வைத்து, ஆறும்போது மெல்லிய பருத்தித் துணியால் மூடிவிடுகிறேன். ஓரத்தை வெட்டாமலே சாப்பிடுகிறார். இதில் கெடாமல் இருக்க எதுவும் சேர்க்கவில்லை என்பதால் மழைக்காலத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை வந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப்போகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்கிறோம். மின்சாரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், ஒரு பிரெட்டுக்கு அரை யூனிட் கூட ஆவதில்லை. மாவு, எண்ணெய் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 40 ரூபாய்க்குள் அடங்குகிறது. அம்மாவுக்கான நான்கு துண்டில் இப்போது ஏறக்குறைய ஒரு கிராம் உப்புதான்.

இந்த மெஷின் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வாரத்துக்கு மூன்று பிரெட். சென்ற மாதம் துடுப்பின் பூச்சு ஓரத்தில் லேசாக உரிய ஆரம்பித்தது. சேவை மையத்துக்குப் போய் 640 ரூபாய் கொடுத்துப் புதியது வாங்கி வந்தேன். அப்போதே ஒரு பாத்திரத்துக்கும் சொல்லி வைத்தேன், எந்த மாடலையும் எப்போது நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா? அது வந்து, உறை பிரிக்காமல் அரிசி டின்னுக்கு மேல்தட்டில், பில்லோடு இருக்கிறது.